பதினாலு கெளுத்திகளும் ஐம்பது கிலோ மணலும்

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஓஸ்ட்ராவா நகர டிராம் பணிமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டுமே. இருபத்தாறு வருஷமாக டிராம் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு பூனையைக்கூட நசுக்கியதில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

என் மீன்தொட்டி விஷயத்திலும் அப்படித்தான். இருநூற்று நாற்பது லிட்டர். அதில் பதினாலு புள்ளிக் கெளுத்திகள். விரல் நீளம்தான் இருக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, ஆரஞ்சு முள். ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த கடுகு அளவு முட்டைகளைச் சவரபிளேடால் சுரண்டி எடுத்து, தயிர் டப்பாவில் வைத்து, நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றி நான் ஆளாக்கிய பிள்ளைகள். எங்கள் மீன்வளர்ப்போர் சங்கத்தில் இந்த ரகத்தை வீட்டில் பொரிக்க வைத்த முதல் ஆள் நான்தான். தொட்டியின் அடியில் கறுப்பு ஜல்லி பரப்பியிருந்தேன். கறுப்பின் மேல் அந்த வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகிற அழகே தனி. சங்கத்தின் காலண்டரில் அக்டோபர் மாசம் முழுக்க என் தொட்டிதான் தொங்கியது.

நவம்பரில் சங்கத்து ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்த்து மதிப்பெண் போடுவது வழக்கம். வருஷத்துக்கு இரண்டு சுற்று: நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. அன்று என் வீட்டு வாசலில் ஒன்பது ஜோடி ஷூ கிடந்தது. கூடத்தில் ஒன்பது பேர் காலுறையோடு நின்றார்கள். எல்லாருக்கும் முட்டை வைத்த ரொட்டித் துண்டு கொடுத்திருந்தேன். சங்கத் தலைவர் டாக்டர் எவ்ஜென், எங்கள் கட்டடத்திலேயே ஆறாவது மாடியில் இருப்பவர், டார்ச்சோடு தொட்டி முன்னால் மண்டியிட்டார். அவர் பல் டாக்டர். முப்பது வருஷம் அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவர், மீனுக்கும் முதலில் வாயைத்தான் பார்ப்பார்.

"ரெனாட்டாம்மா, உங்க கெளுத்திக்கெல்லாம் மீசை எங்க?"

எல்லாரும் குனிந்தார்கள்.

"பொம்பள வீட்டுல வளந்த மீனாச்சே, ஷேவ் பண்ணி விட்டிருப்பாங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன். கூடமே சிரித்தது.

"சிரிக்கிற விஷயம் இல்ல" என்றார் டாக்டர், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "உடைச்ச கல்லு. விளிம்பெல்லாம் கத்தி மாதிரி. இந்த ஜீவன் நாள் பூரா மூஞ்சிய அடியில தேச்சித்தான் சாப்பிடும். மீசையெல்லாம் தேஞ்சு முண்டமா நிக்குது. அழகுக்கு ஆசைப்பட்டு மீனைச் சித்ரவதை பண்றீங்க."

"உங்களுக்குத்தான் மீசை இருக்கே டாக்டர், அதை வெச்சு என்னத்தக் கிழிச்சீங்க?" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் மதிப்பெண் பத்துக்கு நாலு.

கதவைச் சாத்தியதும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற ரகம் நான். ஆனாலும் கண்ணால் பார்த்ததை என்ன செய்வது? பதினாலில் ஒன்பதுக்கு மீசை இருந்த இடத்தில் சின்ன முனைதான் இருந்தது. ஒன்றுக்கு வாயோரம் சிவந்து வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. அது முற்றினால் வாய் அழுகும், வாய் அழுகினால் தீனி எடுக்காது, அப்புறம் ஒவ்வொன்றாக மிதக்கும். தினமும் பார்க்கிற நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்? கறுப்பு ஜல்லியை ரசித்த கண்ணுக்கு மீனின் வாய் தெரியவில்லை. அன்று நான் அழுதேன். என் கணவர் லுபோருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிச்சமிருந்த ரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மணலு போட்டா மீசை திரும்ப வளருமா ரெனி?"

"வேர் மிச்சம் இருந்தா வளரும். வேரும் போயிருந்தா வளராது."

"இருக்கா?"

"யாருக்குத் தெரியும்? மார்ச்சுல தெரியும்."

மார்ச் சுற்றுக்குள் பதினாலுக்கும் மீசை வளர்ந்திருக்க வேண்டும், அதை அந்த ஒன்பது பேரும் அதே கூடத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் என்று முடிவு செய்தேன்.

மணலுக்காக இரண்டு வாரம் அலைந்தேன். கட்டட வேலை மணல் கூர்மையானது, கூடாது. விளையாட்டுத் திடல் மணலில் களிமண் அதிகம். கடைசியில் நீச்சல்குளத்து ஃபில்டரில் போடுகிற உருண்டை மணல் கிடைத்தது. ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நுரைக்கவில்லை. கன்னத்தில் தேய்த்தும் பார்த்தேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "முகத்துக்குப் பூசவா?" என்றான். "உன் முகத்துக்கும் தரவா?" என்று கேட்டுவிட்டு இருபத்தஞ்சு கிலோ மூட்டை இரண்டு வாங்கினேன்.

டிசம்பர் இருபதாம் தேதி சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை இருக்கிறது. அதன் கதவில் தொங்குகிற தாளில் எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை என் பெயரை எழுதி வைத்திருந்தேன். மணலை வீட்டுக் குளியலறையில் கழுவினால் குழாய் அடைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிடுவாள்.

காலையில் தொட்டித் தண்ணீரையே குளியல்தொட்டிக்கு மாற்றி, பதினாலையும் வலையில் பிடித்து அதில் விட்டேன். காற்றுக் குழாயைப் போட்டேன். மிரளாமல் இருக்கட்டுமென்று விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன். எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே கும்மிருட்டு. பிறகு குப்பை முறத்தால் ஜல்லியை அள்ளினேன். எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடக் கூடாது. பழைய ஜல்லியில்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. அதனால் கிழிந்த நைலான் காலுறை இரண்டில் கொஞ்சம் ஜல்லியை அடைத்து முடிச்சுப் போட்டு, தொட்டியில் தொங்க விடுவதற்கு வைத்துக்கொண்டேன். ஃபில்டரைக் கழுவவே இல்லை.

லுபோர் காலையிலேயே வெளியே போயிருந்தார். போகும்போதே சொன்னேன்: "கிறிஸ்துமஸ் கெண்டை மீன் இன்னைக்கு வேண்டாம், திங்கட்கிழமை வாங்கிக்கலாம்." சரி என்று தலையாட்டினார். முப்பது வருஷமாக அப்படித்தான் ஆட்டுகிறார்.

மணல் கழுவியிருக்கிறீர்களா? பாதி வாளி மணல், மேலே தண்ணீர், கையை விட்டுக் கலக்கி வடிக்க வேண்டும். முதல் தடவை பால் மாதிரி வரும். ஏழாவது தடவையும் அப்படித்தான் வரும். பதினஞ்சாவது தடவைதான் அடியில் உங்கள் விரல் தெரியும். முதல் மூட்டையை முடித்து மேலே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். இரண்டாவது மூட்டையில் பாதி தாண்டியபோது விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. என் பிள்ளைகளுக்கு மெத்தை தைக்கிற மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்கு இரண்டு வாளியோடு நாலாவது மாடி ஏறி வந்தேன். லுபோரின் ஷூ வாசலில் கிடந்தது. அவர் சமையலறையில் விசில் அடித்துக்கொண்டிருந்தார். குளியலறையில் குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"யோவ் லுபோர்! அங்க என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"கெண்டை! மூணு கிலோ! தெருமுனையில தொட்டி வெச்சு உயிரோட விக்கிறானே, அதுல நல்லதெல்லாம் தீந்துட்டிருந்துச்சு ரெனி, இதான் கடைசி நல்ல மீன்" என்றார் பெருமையாக. "நீ பாட்டுக்கு டப்புல வெதுவெதுன்னு தண்ணிய விட்டு வெச்சிருக்க. கெண்டைக்குச் சூடு ஆகாதுல்ல? அதான் பச்சத் தண்ணி திறந்து விட்டேன்."

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் எந்த வீட்டுக் குளியல்தொட்டியிலும் விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டைதான் நீந்தும். மனுஷன் முப்பது வருஷப் பழக்கத்தில் இருட்டில் கதவைத் திறந்து, பையைக் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். காற்றுக் குழாயின் குளுகுளு சத்தம் கேட்டதாம். கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது என்று நினைத்தாராம்.

"அட பாவி மனுஷா! என் பிள்ளைங்க உள்ள இருக்குதுய்யா!"

அவர் முகம் வெளுத்ததை நான் நின்று பார்க்கவில்லை. விளக்கைப் போட்டேன். நடுவில் அந்தத் தடியன் கெண்டை சுழன்றுகொண்டிருந்தது. மூலையில், வடிகுழாய் பக்கம், என் கெளுத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. குழாயை மூடினேன். இருபத்தஞ்சு டிகிரியில் இருந்த தண்ணீர் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

"அந்தச் சனியனத் தூக்கு முதல்ல!"

"எங்க கொண்டு போறது?"

"எங்கயாவது! உன் கட்டில்ல போட்டுப் படுத்துக்க!"

அவர் கெண்டையைத் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு படியேறி ஓடினார். யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெந்நீரைச் செம்பு செம்பாகக் கலந்து சூட்டை மெல்ல ஏற்றினேன். குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தை விட்டேன். மிச்ச மணலைக் கொட்டிச் சமன் செய்து, மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, மணல் கலங்காதபடி தட்டின்மேல் தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஹீட்டர், ஃபில்டர், காலுறை ஜல்லி எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. பிறகு வலையை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி மாற்றினேன். பதிமூன்று.

மறுபடி எண்ணினேன். பதிமூன்றுதான். குளியல்தொட்டியைத் துழாவினேன், வலையை உதறினேன், தரையில் படுத்துத் தொட்டிக்கு அடியில் கை விட்டேன். இல்லை.

அப்போதுதான் லுபோர் மூச்சிரைக்க வந்து நின்றார். "ரெனி, திட்டாத. கெண்டைய டாக்டர் எவ்ஜென் வீட்டு டப்புல விட்டேன். அவரு உன்னைக் கூப்பிடுறாரு. கெண்டை வாய மூட மாட்டேங்குதாம்."

இந்தக் கெளுத்திக்குப் பயம் வந்தால் பக்கத்து முள் இரண்டையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்க வந்தவன் தொண்டையில் குறுக்கே நிற்கும். நான் ஈரக் கையோடு ஆறாவது மாடிக்கு ஓடினேன்.

டாக்டர் துணி தேய்க்கிற பலகையில் ஈரத்துண்டு விரித்து, கெண்டையை அதன்மேல் கிடத்தி, கழுத்துப் பக்கம் அழுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் இடுக்கி வரிசையாக இருந்தது. நெற்றியில் பல் பார்க்கிற பழைய விளக்கு.

"உள்ள ஒண்ணு மாட்டியிருக்கு. உங்களோடதுதானே?" என்றார்.

"உயிர் இருக்கா?"

"செவுள் அசையுது. இழுத்துடவா?"

"ஐயோ, இழுக்காதீங்க! முள்ளு ரெண்டும் கன்னத்துல குத்தி நிக்குது. இழுத்தா மீனு ரெண்டா வரும். நீங்க வாயத் திறந்து பிடிங்க. கை என்னோடது."

"ரெனாட்டாம்மா, முப்பது வருஷமா நான்—"

"மனுஷன் பல்லுக்கு முப்பது வருஷம். இதை முட்டையிலேர்ந்து வளத்தது நான். வாயத் திறங்க."

திறந்தார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அந்த மனுஷன் கை கல் மாதிரி அசையவில்லை. லுபோர் வாலைப் பிடித்துக்கொண்டார். நான் சுண்டுவிரலை உள்ளே விட்டு, பிள்ளையை அரை விரல் உள்ளே தள்ளி, மெல்லச் சரித்தேன். ஒரு பக்கத்து முள் கழன்றது. அப்படியே தலையைத் திருப்பி வெளியே நழுவ விட்டேன். உடம்பில் கவசம் மாதிரி இருக்கிற தகட்டில் இரண்டு பெயர்ந்திருந்தது, துடுப்போரம் கிழிந்திருந்தது. உள்ளங்கையில் கிடந்து கண்ணை உருட்டிப் பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்து நான் "வாடா ராசா" என்று கத்தியது கீழ்வீடு வரைக்கும் கேட்டதாம்.

டாக்டர் ஒரு கிண்ணத்தை நீட்டினார். "என் தொட்டித் தண்ணி. சூடு சரியா இருக்கும்."

கிண்ணத்தில் மீனை விட்டு நிமிர்ந்தபோதுதான் திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாக அவருடைய தொட்டியைப் பார்த்தேன். நல்ல தொட்டி. அதிலும் கெளுத்திகள். அடியில் என்னுடையதை விடப் பெரிய, உடைத்த ஜல்லி. கிட்டே போய்க் குனிந்தேன். ஒன்றுக்கும் மீசை இல்லை. என்னுடையதில் முனையாவது இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

"டாக்டர்!"

அவர் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"மீசை போயி நாலு வருஷமாச்சு. தலைவர் வீட்டுக்குச் சுற்று வரக் கூடாதுன்னு நானே ஒரு விதி போட்டேன்" என்றார். "உங்க வீட்டுல பார்த்ததும் ஒரே நொடியில தெரிஞ்சிடுச்சு, ஏன்னா வீட்டுல தினமும் அதைத்தானே பாக்குறேன். எனக்கு நானே சொல்லிக்க வேண்டியத உங்க மேல கத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கெண்டையை எடுத்தே அவர் தலையில் அடித்திருப்பேன். ஒன்பது பேர் முன்னால் என்னை நிற்க வைத்துவிட்டு, படுக்கையறைக்குள் இதை ஒளித்து வைத்திருக்கிற மனுஷன்!

"மன்னிப்பெல்லாம் இங்க வேணாம். ஒன்பது பேர் முன்னால கத்தினீங்கல்ல? ஒன்பது பேர் முன்னால சொல்லுங்க."

"சொல்றேன். மார்ச்சுல உங்க பதினாலுக்கும் மீசை இருந்தா சொல்றேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்."

கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினேன். சூடு சமமாகும் வரை கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்க விட்டுக் காத்திருந்தேன். பிறகு பதினாலாவதும் உள்ளே போயிற்று. முதல் ஒரு மணி நேரம் எல்லாம் மணலைத் தொட்டால் சுடுகிற மாதிரி நின்றன. அப்புறம் ஒன்று மூக்கை வைத்தது. கண் வரைக்கும் முகத்தைப் புதைத்தது. மணலை வாயில் வாங்கிச் செவுள் வழியாகப் புகை மாதிரி விட்டது. ஜல்லியில் இதை ஒரு நாளும் செய்ததில்லை. செய்ய முடியாது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. லுபோரும் நானும் தரையில் உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கெண்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாவம், ஆற்றில் விட்டுவிடலாம் என்றார் லுபோர். நான் சம்மதிக்கவில்லை. என் பிள்ளையை வாயில் போட்டவனுக்குப் பாவ புண்ணியம் என்ன? இருபத்துநாலாம் தேதி ராத்திரி வறுத்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு இரண்டு துண்டு அதிகமாகவே சாப்பிட்டேன்.

அதன் பிறகு மூன்று மாசம் தினமும் டார்ச். தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்துக் குப்பிகள் சாப்பாட்டு மேஜை முழுக்க. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். ஜனவரி கடைசியில் ஒன்றுக்கு நூல் மாதிரி ஒரு முனை நீண்டது. அன்று டிராமை எடுக்கிறபோது காரணமே இல்லாமல் மணியை இரண்டு தடவை அடித்தேன். பிப்ரவரியில் எட்டு. வாயோரம் சிவந்திருந்த அந்த ஒன்று மட்டும் மார்ச் முதல் வாரம் வரைக்கும் என்னைத் தவிக்க விட்டது. பிறகு அதற்கும் வந்தது, குட்டையாக, கொஞ்சம் கோணலாக.

மார்ச் சுற்று வந்தது. அதே ஒன்பது பேர். இந்தத் தடவை ரொட்டித் துண்டில் நெத்திலி வைத்திருந்தேன். டாக்டர் மண்டியிட்டார், டார்ச்சை அடித்தார். ஒரு மீன்கூட விடவில்லை. வாயை முணுமுணுத்து எண்ணினார். போன தடவை ஷேவிங் ஜோக் அடித்தவன் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பதினாலு. பதினாலுக்கும் மீசை" என்றார். "பத்துக்குப் பத்து. இன்னொண்ணும் எழுதிக்கோங்க. ஆறாவது மாடியில என் வீட்டுல பதினொண்ணு இருக்கு. ஒண்ணுக்கும் மீசை இல்ல. நவம்பர்ல நான் ரெனாட்டாம்மாவைச் சொன்னதெல்லாம் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. இவங்க சொன்னதைக் கேட்டாங்க, தப்பைத் திருத்திக்கிட்டாங்க. நான் ஒளிச்சு வெச்சேன்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மூன்று மாசமாக இந்த நிமிஷத்துக்கென்று டிராமில் உட்கார்ந்து எத்தனை நறுக்குப் பேச்சு யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா! அத்தனையையும் விட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினேன். என் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் மணலில் மூக்கைப் புதைத்து, தங்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

"வேர் போயிருந்தா வளராதுன்னு தெரியும்" என்றார் டாக்டர் குரலைத் தாழ்த்தி. "இருந்தாலும் மாத்தலாம்னு பாக்குறேன். நீங்க வந்து கொஞ்சம்..."

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன். "மணலை நீங்களே கழுவணும். பதினஞ்சு தடவை. நான் விரல விட்டுப் பார்ப்பேன்."

அந்த ஞாயிறு எட்டு மணிக்கு நான் சலவை அறைக்குப் போனபோது, டாக்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு பதினோராவது தடவை வடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்து வாளி மணலில் கையை விட்டுக் கலக்க ஆரம்பித்தேன்.